ஒருத்தி சொல்ல, பத்துப் பேர் கேட்க...

கோழி முட்டைக்கும் விதை நெல்லுக்கும் என்ன சம்பந்தம்? பட்டணத்துச் சகோதரிகளைக் கேட்டால் விழிப்பார்கள். வயலில் இறங்கிப் பழகியவர்களுக்கு இது ஒரு கேள்வியே அல்ல. "முட்டை மிதந்தாத்தானே தண்ணி சரியான பதம்!" என்று சட்டென்று பதில் வரும்.

விஷயம் இதுதான். ஒரு வாளியில் பத்து லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். புது முட்டை ஒன்றை அதில் விட்டால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இப்போது உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரைத்துக்கொண்டே வாருங்கள். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பு கரைந்ததும் முட்டை மெல்ல எழும்பி வந்து, நாலணாக் காசு அகலத்துக்குத் தலையை வெளியே நீட்டும். அதுதான் பதம். (அந்த நாலணாக் காசு 2011-லேயே செல்லாமல் போய்விட்டது. அளவு சொல்ல மட்டும் இன்னும் செல்லுபடியாகிறது!) முட்டையை எடுத்துவிட்டு விதை நெல்லைக் கொட்டினால் பதரும் அரைவயிற்று நெல்லும் மேலே மிதக்கும், கனத்த மணி கீழே தங்கும். மிதந்ததை அள்ளி எடுத்துவிட்டு, தங்கியதை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும்.

அடுக்களையில் இருக்கிற முட்டை, அடுக்களையில் இருக்கிற உப்பு. ஒரு காசு கூடுதல் செலவில்லை. ஆனாலும் இந்தச் சின்னக் காரியம் ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்குப் போய்ச் சேர ஒரு அரசாங்கத் திட்டமே வேண்டியிருந்தது. அதைப் பற்றியும், 'ஒரே வேலையைச் செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள்' என்று உலகம் சுற்றி ஆராய்ந்தவர்களைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. ஆராய்ச்சி என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தையற்கடை, பிரசவ அறை, ரொட்டி மாவு என்று எல்லாம் நமக்குத் தெரிந்த இடங்களாகத்தான் வரும்.

கடைமடைச் சீமை

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற சாலையில் இருக்கிறது குமராட்சி. கடலூர் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களில் ஒன்று. கொள்ளிடமும் வீராணமும் பக்கம். காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி. மேட்டூரில் தண்ணீர் குறைந்தால் இங்கே முதலில் காயும். கொள்ளிடத்தில் தண்ணீர் கூடினால் இங்கே முதலில் மூழ்கும். இரண்டுக்கும் நடுவில்தான் சம்பா. அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் ஈரத்தோடு உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். நெல் வீட்டுக்கு வந்ததும் தாளுக்கு நடுவே உளுந்து தலைகாட்டும்.

நாற்றுப் பறிப்பது, நடுவது, களை எடுப்பது, விதை காயவைப்பது, குதிரில் சேர்ப்பது எல்லாம் பெண்கள் கை. ஆனால் 1980-களில் விவசாய அலுவலர் கிராமத்துக்கு வந்தால் யாரிடம் பேசுவார்? திண்ணையில் இருக்கிற ஆண்களிடம். அவர்களில் ஒருவரைத் 'தொடர்பு விவசாயி' என்று குறித்துக்கொள்வார்கள். அவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்று கணக்கு. ஊர் என்றால் ஊரின் பாதி என்று யாருக்கும் தோன்றவில்லை. விதையைப் பற்றின பேச்சு திண்ணையோடு நின்றுவிடும். விதையைக் கையில் எடுக்கிறவளோ உள்ளே இருப்பாள். வீட்டுக்காரர் சொன்னால் உண்டு, மறந்துவிட்டால் இல்லை.

இதை மாற்றத்தான் 1986-ல் டென்மார்க் நாட்டு உதவியோடு தமிழ்நாடு மகளிர் வேளாண்மைத் திட்டம் வந்தது. 'டான்வா' என்று சுருக்கிச் சொல்வார்கள். சில மாவட்டங்களில் தொடங்கி, 1990-களில் இரண்டாம் கட்டமாக மாநிலம் முழுவதும் பரவியது. பயிற்சி கொடுக்க வந்தவர்களும் பெண் வேளாண்மை அலுவலர்களே. பட்டணத்துக்குக் கூப்பிட்டு மண்டபத்தில் உட்கார வைக்காமல், அந்தந்த ஊரிலேயே சில நாள் பயிற்சி நடந்தது. விதை தேர்வு, உளுந்து விதைக்கு ஆறின கஞ்சியில் ரைசோபியம் குழைத்துப் பூசி நிழலில் உலர்த்துவது, பூக்கிற சமயத்தில் டி.ஏ.பி. கரைசல் தெளிப்பது, நல்ல பூச்சி எது கெட்ட பூச்சி எது என்று பார்ப்பது, தானியத்தைப் புழு பிடிக்காமல் வைப்பது என்று எல்லாமே கையால் செய்து பார்க்கிற பாடம்.

இதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. பயிற்சி பெற்ற ஒவ்வொருத்தியும் தான் கற்றதைப் பக்கத்துப் பெண்கள் பத்துப் பேருக்காவது சொல்ல வேண்டும் என்றார்கள். தேர்வும் கிடையாது, சான்றிதழும் பெரிதில்லை. பத்துப் பேருக்குச் சொன்னாயா, அவர்கள் செய்தார்களா என்பதுதான் கேள்வி.

எல்லாப் பாடமும் ஒரே மாதிரி பரவியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. முட்டைப் பாடம் பரவுவது சுலபம். கண்ணெதிரே மிதக்கிறது, செலவில்லை, யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டாம். டி.ஏ.பி. கரைசல் அப்படியா? ஏக்கருக்கு நாலு கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் தெளிவை இறுத்து, இருநூறு லிட்டராக்கித் தெளிக்க வேண்டும். தெளிப்பான் வாடகைக்கு எடுக்க வேண்டும், உரம் வாங்கப் பணம் வேண்டும், அந்தப் பணம் யார் மடியில் இருக்கிறதோ அவர் தலையசைக்க வேண்டும். அறிவு வந்துவிட்டது, பணப்பை வரவில்லை! 'பெண்களுக்குச் சொல்லியும் செய்யவில்லையே' என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்கணும்.

காஜாப் பையனும் லைபீரியாவும்

தையற்கடையில் புதிதாகச் சேர்கிற பையனுக்கு முதல் நாளே கத்தரிக்கோல் கொடுப்பார்களா? மாட்டார்கள். காஜா எடு, பட்டன் வை, ஓரம் மடித்துத் தை என்பார்கள். மாதக்கணக்கில் இதுதான். பிறகு மிஷினில் கால் வைக்கலாம். துணி வெட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

ஜீன் லேவ் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர், ஒரு பெண்மணி, 1970-களில் ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டில் தையற்காரர்களோடு உட்கார்ந்து கவனித்தார். அங்கேயும் இதே கதை! முடிக்கிற வேலை முதலில், வெட்டுகிற வேலை கடைசியில். ஏன் இப்படித் தலைகீழ்? யோசித்துப் பார்த்தால் புரியும். பட்டன் தைக்கிற பையன் கையில் முழுச் சட்டை இருக்கிறது. எங்கே எது வருகிறது, எந்த மடிப்பு எதற்கு என்பது கண்ணில் படிந்துகொண்டே இருக்கிறது. காஜா கோணினால் பிரித்துத் தைத்துவிடலாம். துணியைக் கோணலாக வெட்டினால் போச்சு. வேலைக்குத் தேவையான ஆளாக முதல் நாளே ஆகிவிடுகிறான், ஆனால் நஷ்டம் வராத ஓரத்தில் நிற்கிறான்.

லேவ் அம்மையாரும் எட்டியன் வெங்கர் என்பவரும் சேர்ந்து 1991-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். கற்பது என்பது ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குச் சரக்கு ஏற்றுவது அல்ல. வேலை செய்கிற ஒரு கூட்டத்தின் ஓரத்தில் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு நகர்வதுதான் என்றார்கள். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஒரு பெயரும் வைத்தார்கள். தமிழில் 'தொழிற்கூட்டு' என்று சொல்லிவிட்டுப் போகலாம். அதன் பிறகு பெரிய பெரிய கம்பெனிகளெல்லாம் இந்தப் பெயரை எடுத்துக்கொண்டு கூட்டம் போட ஆரம்பித்துவிட்டன.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு உதாரணம், மெக்ஸிகோ நாட்டு யுகடான் பகுதியின் மருத்துவச்சிகள். பிரிஜிட் ஜோர்டான் என்ற ஆராய்ச்சியாளர், இவரும் பெண்தான், அவர்களோடு பழகி எழுதியதிலிருந்து எடுத்தது. அங்கே மருத்துவச்சியின் மகளோ பேத்தியோ சின்ன வயதில் ஒரு மூலையில் உட்கார்ந்து பேச்சைக் கேட்பாள். கொஞ்சம் வளர்ந்ததும் ஓடி ஓடிச் சாமான் எடுத்துத் தருவாள். தானும் ஒரு பிள்ளை பெற்ற பிறகு பாட்டியோடு பிரசவத்துக்குப் போவாள். பிறகு ஒருநாள் பாட்டிக்குக் களைப்பாக இருந்தால், 'நீ பார்த்துக்கோ' என்கிற நிலை வரும். யார் எப்போது கற்றுக்கொடுத்தார்கள் என்றால் இருவருக்குமே சொல்லத் தெரியாது.

நம்ம நடவு வயல் மட்டும் என்ன? புதிதாக வந்த மருமகளை வரிசையின் நடுவில் விடமாட்டார்கள். ஓரத்தில், கைதேர்ந்த ஒருத்திக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். "ஏம்மா, வேரை இப்படி ஆழமா அமுக்காதே, மூச்சு முட்டிப் போயிடும்" என்று அத்தை முறை வேண்டியவள் குனிந்தபடியே ஒரு வார்த்தை சொல்வாள். அவ்வளவுதான் பாடம். மற்றதெல்லாம் பக்கத்துக் கையைப் பார்த்து வருவது. பத்து வருஷம் கழித்து இவள் இன்னொருத்திக்குச் சொல்வாள். இந்த வாத்தியார் வேலைக்குக் கூலி மட்டும் ஒரு பைசா கூட வராது, அது வேறு கதை.

ரொட்டி முறுக்கிய கை

நாம் 'கைப்பக்குவம்' என்கிறோமே, அதைப் பற்றியும் ஆராய்ச்சி உண்டு. மாமியாரிடம் "புளிக்குழம்புக்கு எவ்வளவு உப்பு?" என்றால் "தேவையானதைப் போடேன்" என்பார். மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். அவருக்கே அளவு தெரியாது, கைக்குத்தான் தெரியும். மைக்கேல் பொலானி என்ற அறிஞர் இதைத்தான் பெரிய தத்துவமாகவே எழுதினார். மனிதனுக்குத் தெரிந்தது அதிகம், வாயால் சொல்ல முடிந்தது குறைவு.

ஜப்பானில் 1980-களில் மட்ஸுஷிட்டா கம்பெனி வீட்டிலேயே ரொட்டி சுடுகிற மிஷின் செய்யப் பார்த்தது. மாவு சரியாகப் பிசைபடவே இல்லை. மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்களாம்! கடைசியில் இக்குகோ தனாகா என்ற பெண் ஊழியர் ஒரு யோசனை சொன்னார். ஒஸாகா நகரத்தில் ஒஸாகா இண்டர்நேஷனல் ஹோட்டலின் ரொட்டிதான் பிரசித்தம். அங்கே போய் அந்தத் தலைமை ரொட்டிக்காரரிடமே கற்றுக்கொள்வோம் என்றார். போனார், மாவில் கை வைத்தார். அந்த மனிதர் மாவை இழுக்கும்போது ஒரு முறுக்கு முறுக்கி இழுக்கிறார் என்பதைக் கவனித்தார். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் தான் அப்படிச் செய்வதே அவருக்குத் தெரியாது. மிஷினுக்குள் தனி வரிப்புகள் வைத்து அந்த முறுக்கைக் கொண்டு வந்தார்கள். 1987-ல் மிஷின் கடைக்கு வந்தது, விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. இக்குஜிரோ நோனாகா என்ற பேராசிரியர் இதை எழுதப் போய், இன்று மேலாண்மை படிக்கிற மாணவர்கள் எல்லாரும் இந்த ரொட்டிக் கதையைப் படிக்கிறார்கள்.

எழுதி வைத்தால் போதும், அறிவு காப்பாற்றப்பட்டுவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு இது நல்ல பாடம். எழுதுவது வேண்டாம் என்றல்ல. பக்கத்தில் நின்று பார்க்க ஒரு ஆளும் வேண்டும்.

தப்பும் பரவும்!

இதுவரை படித்துவிட்டு, 'அப்படியானால் பெரியவர்கள் சொன்னதெல்லாம் சரிதான்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கூடிக் கற்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நல்லது பரவுகிற அதே வழியில்தான் கெட்டதும் பரவுகிறது. பிறந்த குழந்தைக்குச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டியது யார் சொல்லி? பிறந்த ஈரத்தோடு குளிப்பாட்டியதும், மூக்கில் எண்ணெய் விட்டு ஊதியதும் எந்தப் புத்தகத்தைப் பார்த்து? எல்லாம் அனுபவம் உள்ள கைகள், பாசத்தோடு செய்தவை. கூட்டத்தில் மூத்தவள் சொல்லிவிட்டால் இளையவள் வாய் திறக்க முடியாது. அதனால் கூட்டம் மட்டும் போதாது; 'ஏன்?' என்று கேட்க இடம் இருக்கிற கூட்டமாக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு கூட்டத்தால் குழந்தைகள் பிழைத்தன என்றால் நம்புவீர்களா? கணக்கோடு இருக்கிறது.

நேபாளத்தில் மக்வான்பூர் மாவட்டத்தில் 2001 முதல் 2003 வரை ஒரு சோதனை நடந்தது. சில பகுதிகளில் மட்டும் மாதம் ஒருமுறை பெண்களைக் கூட்டி உட்கார வைத்தார்கள். நடத்தியவள் டாக்டரோ நர்ஸோ இல்லை. அந்த ஊர்ப் பெண் ஒருத்திதான். குழு உள்ள பகுதிகளில் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 26. குழு இல்லாத இடங்களில் 37.

பிறகு நம் நாட்டில், ஜார்க்கண்ட்–ஒடிசாவின் மலைவாழ் மக்கள் நிறைந்த மூன்று மாவட்டங்களில் 'ஏக்ஜுட்' என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் 2008 வரை இதையே செய்தது. பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த சேமிப்புக் குழுக்களையே எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் இருபது கூட்டம். உரை நிகழ்த்துவது, அறிவுரை சொல்வது எல்லாம் கிடையாது. படம் போட்ட அட்டைகளைப் பரப்பி, 'நம்ம ஊரில் பிள்ளைகள் எதனால் சாகின்றன?' என்று அவர்களையே பேச வைப்பார்கள். ஒரு கதை சொல்வார்கள்: ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தது, இறந்தது. ஏன்? காய்ச்சல். ஏன் காய்ச்சல்? தொப்புள்கொடியைச் சுத்தமில்லாமல் வெட்டினார்கள். ஏன்? பிளேடு தயாராக இல்லை. ஏன் தயாராக இல்லை? இப்படி 'ஏன், ஏன்' என்று பின்னாலேயே போனால், கடைசியில் தங்களால் ஆகிற ஒரு காரியத்தில் வந்து நிற்பார்கள். பிளேடும் நூலும் சோப்பும் முன்கூட்டி எடுத்து வைக்கலாம். ஆஸ்பத்திரி போக வண்டிக்குப் பணம் சேர்த்து வைக்கலாம். அதை அவர்களே செய்தார்கள்.

பத்தொன்பதாயிரம் பிரசவங்களைக் கணக்கெடுத்தார்கள். பச்சிளம் குழந்தைகளின் சாவு 32 சதவீதம் குறைவு. கடைசி இரண்டு வருஷத்தை மட்டும் எடுத்தால் 45 சதவீதம். மூன்றாவது வருஷத்தில் தாய்மார்களின் மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு மனசு விட்டுப் பேச நாலு பேர் இருந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே! 2010-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் இது வெளியானது.

ஆனால் பங்களாதேஷில் இதே முறை முதல் தடவை பலிக்கவில்லை. காரணம் என்ன தெரியுமா? அங்கே ஏறக்குறைய 1,400 பேருக்கு ஒரு குழுதான். ஏக்ஜுட்டில் 468 பேருக்கு ஒன்று. கர்ப்பிணிகளில் பலருக்கு அந்தக் குழு எட்டவே இல்லை. விடாமல் மறுபடி, சுமார் 309 பேருக்கு ஒன்று என்று நெருக்கமாகக் குழு வைத்தார்கள். சாவு 38 சதவீதம் குறைந்தது. கூப்பிடு தூரத்தில் இருந்தால்தான் கூட்டம். 2014-ல் உலக சுகாதார நிறுவனமும் இந்த முறையைச் சிபாரிசு செய்தது.

நோட்டு மூடிய பிறகு

தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரியில் முளைவிட்ட மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று எந்த ஊரில் இல்லை? பன்னிரண்டிலிருந்து இருபது பேர், கூப்பிடு தூரம், ஒருவரையொருவர் நன்றாகத் தெரியும். கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான கூட்டம் வேறு கிடைக்காது. ஆனால் பல இடங்களில் சந்தா, கடன், தவணை, கையெழுத்து என்று அரை மணியில் முடிந்து, "அடுப்புல பால் வெச்சுட்டு வந்தேன்" என்று எழுந்து ஓடுகிறோம். தவணை கட்டாதவள் யார் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. மாசமாக இருப்பவள் யார், அவளுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்பது தெரிவதில்லை.

நோட்டை மூடிய பிறகு இன்னொரு அரை மணி உட்கார்ந்து பாருங்கள். ஒரு மாதத்துக்கு ஒரே ஒரு விஷயம் போதும். இந்த வட்டாரத்து நாற்றங்கால் சமயமானால் முட்டையும் உப்பும் வாளியும் கொண்டு வரச் சொல்லலாம். குழுவில் யாருக்காவது பேறுகாலம் நெருங்கினால் அதைப் பேசலாம். கிராம சுகாதாரச் செவிலியரையும் ஒரு நாள் கூப்பிட்டு நடுவில் உட்கார வைக்காமல் வட்டத்தில் உட்கார வையுங்கள். அவர் சொல்வதற்கு முன்னால் மூத்தவர்கள் தாங்கள் செய்ததைச் சொல்லட்டும். வெட்கப்படுத்தினால் அடுத்த மாதம் வரமாட்டார்கள்.

பேறுகாலக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டியவை கொஞ்சம்தான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். சீம்பால் ஒரு துளிகூட வீணாகக் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர தண்ணீரும் வேண்டாம். முதல் இருபத்துநாலு மணி நேரம் குளிப்பாட்டாமல், துடைத்து, தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்த வேண்டும். தொப்புளில் எதையும் தடவக் கூடாது. குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, தொட்டால் சில்லென்றிருந்தாலோ, உடம்பு கொதித்தாலோ, நிமிஷத்துக்கு அறுபது தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, 'காலையில் பார்ப்போம்' என்ற பேச்சே கூடாது. உடனே 108-க்குப் போன் பண்ணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மூச்சை எண்ணுவது எப்படி என்று ஒருத்தி தன் குழந்தையை மடியில் கிடத்திக் காட்டட்டும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும். வட்டத்தில் ஒவ்வொருத்தியும், பாட்டிமார் உட்பட, கடிகாரத்தைப் பார்த்து எண்ணிச் சொல்லட்டும். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறினால் சிரித்துவிட்டு மறுபடி எண்ணுங்கள்.